ஏரிக்கரையில் ஒரு நீச்சற் பள்ளி

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையின் இருமருங்கிலும் இன்று தொழிற்சாலைகளே கண்ணுக்குப் புலனாகின்றன. மோட்டார் வாகனங்களும், டயரும், கண்ணாடியும், கைத்தொலைபேசியும் அங்கே உற்பத்தியாகி உலகின் பல பாகங்களுக்கும் செல்கின்றன. ஆயினும் சாலையை விட்டு ஒரு கல் தொலைவு உள்ளே சென்றால், பழைய செங்கற்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்று முன்னோர் அழைத்ததன் காரணம் விளங்கும். ஊருக்கு ஓர் ஏரி, கோயிலுக்கு ஒரு குளம், இவற்றிற்கெல்லாம் பேரேரியாகக் கிழக்கே செம்பரம்பாக்கம். தொழிற்சாலை மதில்களுக்கு இடையிலும் மதகுகளும் கலங்கல்களும் நின்றுகொண்டுதான் இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் இவை நிறைந்து தளும்பும்போது பயிரிடுவோர் உள்ளம் குளிர்கின்றது. பெற்றோர் உள்ளத்தில் அச்சமும் அப்பொழுதே குடிபுகுகின்றது. அந்த அச்சத்தைப் பற்றியே இக்கட்டுரையில் அங்கத்தினர்களுடன் பேச விரும்புகின்றோம்.

நவம்பர் 14 முதல் 20 வரை கூட்டுறவு வார விழா நடைபெறுவது யாவரும் அறிந்ததே. இரண்டாண்டுகளுக்கு முன் அவ்விழாவை ஒட்டி இவ்வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றுக்குச் சென்றிருந்தோம். ஒரே தெருவில் வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கமும் கைத்தறி நெசவாளர் சங்கமும் எதிரெதிரே அமைந்த ஊர் அது. ஏழு வண்ணக் கொடி அன்று ஏறவில்லை. சங்கக் கதவுகள் சாத்தியிருந்தன. தறியோசையும் இல்லை. முந்தின நாள் மாலை பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் ஏரியில் மூழ்கி இறந்துவிட்டான் என்று அறிந்தோம். அவன் தந்தை சங்கத்தின் பழைய அங்கத்தினர்.

அன்று பிற்பகல் சங்கச் செயலாளருடன் ஏரிக்கரைக்குச் சென்று பார்த்தோம். முந்தின கோடையில் அவ்விடத்தில் பொக்லைன் இயந்திரம் கொண்டு சவுடு மண் எடுத்திருக்கின்றார்கள். மண் எடுத்த குழி மழைநீருக்கு அடியில் மறைந்துவிட்டது. முழங்கால் அளவு நீரில் நடந்து சென்ற சிறுவன் அடுத்த அடியில் ஓராளுக்கு மேற்பட்ட ஆழத்தில் விழுந்திருக்கின்றான். உடனிருந்த தோழர் இருவரும் ஊருக்குள் ஓடிப் பெரியவர்களை அழைத்துவந்தனர். அதற்குள் காலம் கடந்துவிட்டது. கரையிலிருந்து பத்தடி தூரத்தில் ஒரு மாட்டு வண்டி நின்றிருந்தது. அதில் வைக்கோல் கட்டும் நீண்ட கயிறு சுருட்டிக் கிடந்தது. அந்தக் கயிற்றை எடுத்து வீசலாம் என்று அவ்விரு சிறுவர்க்கும் எவரும் சொல்லிக்கொடுத்ததில்லை. செயலாளர் அக்கயிற்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் மீண்டும் வண்டியிலேயே வைத்தார்.

மறுவாரம் இரு சங்கத்தாரும் கூடியபோது, ஏரியருகே பிள்ளைகளை விடலாகாது, எச்சரிக்கைப் பலகை நாட்டவேண்டும் என்று பயிரிடுவோர் சிலர் கூறினர். பாவு ஓடும் வேலை செய்யும் அம்மையார் ஒருவர் எழுந்து, "பலகை வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் படிக்கத் தெரிந்த பிள்ளைதானே ஐயா போனது?" என்றார். அதன்பின் சற்று நேரம் எவரும் வாய் திறக்கவில்லை. பிறகு மூலையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் பேசினார். கிணறு வெட்டுவதைத் தொழிலாகக் கொண்டிருந்தவர், வயது எழுபதுக்கு மேல். "இந்த ஊரில் பாதிப் பேருக்கு என் கிணற்றில்தான் நீச்சல் வந்தது. இப்போது கிணறு எங்கே இருக்கிறது?" என்று கேட்டார்.

அக்கேள்வியில் பெரிய செய்தி ஒன்று அடங்கியிருக்கின்றது. திறந்த கிணறுகள் இருந்த காலம்வரை நீச்சல் கற்பிப்பதற்கென்று நம் ஊர்களில் தனி ஏற்பாடு எதுவும் தேவைப்படவில்லை. மாமனோ சித்தப்பனோ இடுப்பில் கயிற்றைக் கட்டிக் கிணற்றில் இறக்குவார். காய்ந்த சுரைக்குடுக்கையோ, இரண்டு முற்றிய தேங்காயோ முதுகில் மிதக்கும். ஒரு கோடை விடுமுறைக்குள் பிள்ளை நீந்தக் கற்றுவிடும். ஆழ்துளைக் கிணறுகள் வந்தபின் திறந்த கிணறுகள் வற்றின. நிலங்கள் மனைகளானபோது எஞ்சியவை தூர்ந்தன. நீர் மட்டும் ஏரியிலும் கல்குழியிலும் முன்போலவே நிற்கின்றது. நீரில் பழகும் வித்தை ஒரு தலைமுறைக்குள் ஊரைவிட்டு அகன்றுவிட்டது. பழைய மாணவர் எவரும் புதிய மாணவரைத் தயார் செய்யாமற்போனால் கோர்வைப் பட்டு நெய்யும் தறிக்கும் இதே கதிதான் என்று நெசவாளர்க்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

புறநானூற்றில் தொடித்தலை விழுத்தண்டினார் என்னும் புலவர், முதுமையில் கோலூன்றி இருமலுக்கிடையே தம் இளமையை நினைந்து இரங்குகின்றார். நீர்த்துறையில் தாழ்ந்திருந்த மருதமரத்தின் கிளையேறி, கரையிலுள்ளோர் வியக்க ஆழ்ந்த மடுவில் குதித்து, அடிமணலை அள்ளிவந்து காட்டிய நாள்கள் எங்கே போயின என்று அவர் ஏங்குகின்றார். நம் கிணற்றுப் பெரியவர் அப்பாட்டைப் படித்தவரல்லர். ஆயினும் அவர் கேட்டது ஏறக்குறைய அதுவே.

இத்துன்பம் ஓர் ஊருக்கு உரியதன்று. 2022-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள் கடலூர் மாவட்டம் நெல்லிக்குப்பத்தை அடுத்த குச்சிப்பாளையத்தில், கெடில ஆற்றுத் தடுப்பணையில் குளிக்கச் சென்ற பெண்களும் சிறுமியருமாக எழுவர் மூழ்கி மாண்டனர். முதலில் ஆழத்தில் சிக்கியவர்களைக் காப்பாற்ற ஒருவர்பின் ஒருவராக மற்றவர் இறங்கியதே அத்தனை உயிர்கள் போனதற்குக் காரணம். 2023-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள் மாயனூரில் காவிரியில் இறங்கிய புதுக்கோட்டை மாவட்டப் பள்ளிச் சிறுமியர் நால்வர் மீளவில்லை. கால்பந்துப் போட்டிக்காக வந்த பிள்ளைகள் அவர்கள். அதே ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள், நம் பகுதிக்கு அண்மையிலேயே, சென்னை நங்கநல்லூரை அடுத்த மூவரசம்பட்டுக் குளத்தில் தீர்த்தவாரியின்போது இளைஞர் ஐவர் மூழ்கினர். அங்கும் ஒருவர் ஆழத்துக்கு வழுக்கிச் செல்ல, அவரைப் பிடிக்கப் போனவர்களும் உடன் சென்றனர். குற்றப் பதிவு ஆணையத்தின் கணக்குப்படி 2022-இல் மட்டும் இந்தியாவில் 38,000-க்கு மேற்பட்டோர் நீரில் மூழ்கி இறந்திருக்கின்றனர். உலகம் முழுவதிலும் 2021-இல் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் இவ்வாறு மாண்டனர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகின்றது. இறப்பவருள் மிகப் பெரும்பான்மையோர் நம்மைப் போன்ற ஏழை, நடுத்தர நாட்டினரே.

இதற்கு உபாயம் உண்டா என்று தேடியபோது நமக்குக் கிடைத்தது நீச்சற்குளமும் பளிங்குத் தரையும் உடைய பணக்கார நாட்டின் வழியன்று, நம்மினும் நீர் மிகுந்த வங்காளதேசத்தின் வழி. அங்கே 2006-ஆம் ஆண்டு முதல் காயத் தடுப்பு ஆராய்ச்சி மையம் ஒன்று, ஆஸ்திரேலியாவின் அரச உயிர்காப்புச் சங்கத்தின் துணையுடன், ஊர்க் குளங்களிலேயே பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பித்துவருகின்றது. குளத்தின் ஓரத்தில் நீருக்கடியில் மூங்கிலால் ஒரு மேடை அமைக்கின்றார்கள். சுற்றிலும் மூங்கில் வேலி கட்டுகின்றார்கள். சேறும் குழியும் கலந்த குளத்தின் நடுவே, ஆழம் ஒரே சீராக உள்ள ஓர் அறை கிடைத்துவிடுகின்றது. ஊரிலுள்ள இளைஞரையும் பெண்களையுமே பயிற்றி ஆசிரியராக்குகின்றார்கள். நான்கு வயது முதல் பன்னிரண்டு வயதுவரையுள்ள பிள்ளைகளை, ஓர் ஆசிரியருக்கு ஐவர் என்ற அளவில் பழக்குகின்றார்கள். 25 மீட்டர் நீந்தவும், அரை நிமிடம் மிதக்கவும், கரையில் நின்றபடியே பிறரைக் காக்கவும் தெரிந்தால் தேர்ச்சி. இவ்வாறு கற்ற பிள்ளைகளிடையே மூழ்கி இறக்கும் அபாயம் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் குறைந்தது என்று 2012-இல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. நீச்சல் கற்றால் துணிவு மிகுந்து அதிகம் பேர் மூழ்குவர் என்னும் ஐயத்துக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை.

இச்செய்தியை இரு சங்கத்தார்க்கும் படித்துக்காட்டினோம். ஊரில் ஏரியைத் தவிரச் சிறு குளம் ஒன்றும் உண்டு. ஏரி நீர்வளத் துறையைச் சார்ந்தது, குளம் பஞ்சாயத்தைச் சார்ந்தது. ஆதலின் பஞ்சாயத்தின் எழுத்து மூலமான அனுமதி பெற்றுக் குளத்தையே தேர்ந்தோம். சவுக்குக் கழிகளைப் பயிரிடுவோர் கொடுத்தனர். மூங்கில் விலைக்கு வாங்கப்பட்டது. மேடையின் ஆழத்தைச் சிறுவர் மார்பளவுக்குக் கிணற்றுப் பெரியவரே அளந்து கட்டினார். நீர் ஏறினாலும் இறங்கினாலும் மேடையை உயர்த்தித் தாழ்த்தக் கழிகளில் காடி வெட்டிவைத்தது அவருடைய யோசனை.

தொடக்க நாளில் நாம் செய்த பிழையை மறைப்பதற்கில்லை. பத்துப் பிள்ளைகள் வருவர் என்று எண்ணியிருக்கப் பதினெண்மர் வந்துவிட்டனர். திருப்பியனுப்ப மனம் வரவில்லை. நீரில் பெரியவரும் ஓர் இளைஞரும் மட்டுமே இருந்தனர். நாம் கரையில் நாற்காலியிட்டு வருகைப் பதிவேட்டில் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தோம். நிமிர்ந்தபோது ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி வேலியோரம் மேல்நோக்கிய முகத்துடன் நிற்பதைக் கண்டோம். விளையாடுகின்றாள் என்றே எண்ணி மீண்டும் எழுதக் குனிந்தோம். அவள் விளையாடவில்லை. மேடையில் ஒரு மூங்கில் விலகிக் கால் இடைவெளியில் இறங்கிவிட்டது. வாய் நீர்மட்டத்தில் இருந்தமையால் கூவவும் முடியவில்லை. கரையில் நின்ற பாவு ஓடும் அம்மையார் சேலையுடன் இறங்கி அவளைத் தூக்கினார். எல்லாம் சில நொடிகளில் முடிந்தன. அன்று பதிவேட்டில் நாம் எழுதிய கடைசிப் பெயர் பாதியில் நின்றிருப்பதை இன்றும் காணலாம்.

நீரில் மூழ்குவோர் கைகளை வீசிக் கூச்சலிடுவர் என்று சினிமாவைப் பார்த்து எண்ணுகின்றோம். உண்மை வேறு. மூழ்குபவர் பெரும்பாலும் ஓசையின்றியே மூழ்குகின்றார். மூச்சுவிடவே வாய் போதாதபோது குரல் எங்கிருந்து எழும்? கைகளும் பிறரை அழைக்க உயராமல், நீரைக் கீழ்நோக்கி அழுத்தவே முயல்கின்றன. குழந்தை இவ்வாறு தத்தளிப்பது ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். பிராணவாயு இன்றி நாலைந்து நிமிடம் சென்றால் மூளைக்குக் கேடு உண்டாகும். அமைதியாக இருக்கும் பிள்ளையையே முதலில் பார்க்கவேண்டும் என்பதை அன்று கற்றோம்.

அன்றே விதிகள் வகுக்கப்பட்டன. ஓர் ஆசிரியருக்கு ஐந்து பிள்ளைகளுக்கு மேல் இல்லை. மிகுதியாக வந்தவர் அடுத்த அணிக்குக் காத்திருக்கவேண்டும். கரையில் ஒருவர் காவலாக நிற்பார். அவர் கற்பிக்கலாகாது, பேசலாகாது, கைத்தொலைபேசியைத் தொடலாகாது. தலைகளை எண்ணுவது ஒன்றே அவர் வேலை. பிள்ளைகளை இருவர் இருவராக இணை சேர்த்து, ஊதலோசை கேட்டதும் தத்தம் இணையின் கையைப் பற்றி உயர்த்தச் செய்யவேண்டும். கை கிடைக்காத பிள்ளை இருந்தால் அந்த நொடியே தெரிந்துவிடும். மேடையின் ஒவ்வொரு மூங்கிலையும் தினந்தோறும் பெரியவர் காலால் மிதித்துப் பார்ப்பார். வலிப்பு உள்ள பிள்ளையை மருத்துவரைக் கேளாமல் இறக்குவதில்லை. காதில் சீழ் வடியும் பிள்ளை ஆறும்வரை கரையில் இருக்கும். இடியோசை கேட்டால் பாடம் முடிந்தது. உதடு நீலம் பாய்ந்த பிள்ளையை வெளியேற்றித் துவட்டவேண்டும். அரைமணி நேரத்துக்கு மேல் எந்தப் பாடமும் நீளலாகாது. குளிரில் நடுங்கும் பிள்ளை எதையும் கற்பதில்லை.

இனிக் கற்பிக்கும் முறைக்கு வருவோம். இங்கே பெரியவருக்கும் நமக்கும் சிறிது வாதம் நிகழ்ந்தது. அஞ்சும் பிள்ளையைத் தூக்கி நீரில் எறிந்தால் அச்சம் தெளிந்துவிடும் என்பது பழைய கொள்கை. அப்படி எறியப்பட்டு நீந்தக் கற்றவர்கள் அதைப் பெருமையுடன் சொல்லுவார்கள். எறியப்பட்டு, அன்றோடு நீரை வெறுத்தவர்கள் அதைச் சொல்லுவதில்லை. பின்னவர் கூட்டத்தில் இதை எழுதும் நாமும் ஒருவர். எட்டு வயதில் உறவினர் ஒருவர் எம்மைக் கிணற்றில் தள்ளினார். முப்பத்திரண்டு வயதுவரை கழுத்தளவு நீரில் நின்றதில்லை. இதைச் சொன்னபோது பெரியவர் எம்மைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். "அப்படியானால் ஐயாவும் நாளைக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாருங்கள்" என்றார். அவர் சொன்னபடியே பிள்ளைகளுடன் சேர்ந்து நாமும் கற்றோம். ஆதலின் பின்வருவதைப் புத்தகத்திலிருந்து மட்டும் எழுதவில்லை.

முதலில் கற்கவேண்டியது கையசைப்பதும் காலடிப்பதும் அல்ல, மூச்சு. வேலி மூங்கிலைப் பற்றிக்கொண்டு, வாயால் காற்றை இழுத்து, முகத்தை நீரில் வைத்து, மூக்காலும் வாயாலும் குமிழிவிட்டு வெளியேற்றவேண்டும். இதை விளையாட்டாகவே நடத்தலாம். யார் குமிழி நெடுநேரம் வருகின்றது என்று பந்தயம் வைத்தால் அஞ்சும் பிள்ளையும் தன்னையறியாமல் முகத்தை நனைத்துவிடும். அடுத்து, மேடையில் போட்ட கூழாங்கல்லைக் கண் திறந்து எடுத்துவருவது. புறநானூற்றுப் புலவர் அடிமணல் அள்ளியதும் இதன் பெரிய வடிவமே. நீருக்குள் கண் திறக்கக் கற்ற பிள்ளைக்கு நீர் இருட்டறையாகத் தோன்றாது.

மூன்றாவது மிதத்தல். நெஞ்சு நிறையக் காற்று இருக்கும்போது மனித உடல் பெரும்பாலும் நீரில் தானே மிதக்கும். தலையையோ கையையோ நீருக்கு வெளியே தூக்கினால், தூக்கிய பாகத்தின் பாரம் மற்றவற்றை அமிழ்த்துகின்றது. அஞ்சுபவன் தலையைத் தூக்குகின்றான். தூக்குவதனாலேயே அமிழ்கின்றான். ஆகவே காது இரண்டும் நீருக்குள் இருக்க, வயிற்றை உயர்த்தி, வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடக்கப் பழக்கவேண்டும். ஆசிரியர் தம் உள்ளங்கையைப் பிள்ளையின் பிடரிக்கடியில் வைத்து, சிறிது சிறிதாக விலக்குவார். சொல்லாமல் கையை எடுத்துவிட்டுப் பார்த்தாயா என்று சிரிப்பது கூடாது. பிள்ளையின் நம்பிக்கை ஒருமுறை உடைந்தால் மறுபடி ஒரு வாரம் பிடிக்கும். இதைவிட முக்கியமான ஒன்றைப் பலரும் மறக்கின்றார்கள். மிதக்கக் கற்பிக்கும் முன்னரே, மிதக்கும் நிலையிலிருந்து எழுந்து நிற்கக் கற்பிக்கவேண்டும். முழங்காலை மடக்கி, கைகளால் நீரைக் கீழே அழுத்தி, பாதத்தைத் தரையில் ஊன்றும் இச்சிறு வித்தை தெரியாமையால், இடுப்பளவு நீரில் தத்தளிக்கும் பெரியவர்களையும் காணலாம்.

அதன்பின் வேலியைக் காலால் உந்தி அம்புபோல் சறுக்குதல், காலடித்தல், கை வலித்தல். நம் ஊர் நாய்நீச்சல் இகழத்தக்கதன்று. 25 மீட்டர் கடந்து கரை சேர அது போதும். போட்டிக்கான பாணிகளைப் பின்னர் விரும்பியவர் கற்கட்டும். குழித்தறியில் அமர்ந்து மிதிபலகையும் நாடாவும் ஒருங்கே இயக்கும் நெசவாளர் பிள்ளைகளுக்குக் கைகாலை இணைத்தல் விரைவில் வந்துவிடும் என்று எண்ணினோம். அவ்வாறு விசேஷமாக ஒன்றும் வரவில்லை. கடைசிப் பாடம், அன்றாடம் உடுக்கும் உடையுடன் எதிர்பாராமல் விழுவது. விழுந்ததும் மல்லாந்து மூச்சைச் சேகரித்து, திரும்பி, விழுந்த கரையையே நோக்கி வரவேண்டும். உண்மையில் விழுவோர் எவரும் நீச்சலுடை அணிந்து விழுவதில்லையே.

சுரைக்குடுக்கையைப் பற்றியும் டியூபைப் பற்றியும் ஒரு சொல். இவை துணைக்கருவிகளே, காவல்கள் அல்ல. கழன்று நழுவினால் பிள்ளை அந்த நொடியில் ஏதும் அறியாததாகிவிடும். குடுக்கை கட்டிய பிள்ளையும் கையெட்டும் தூரத்திலேயே இருக்கவேண்டும். பழைய முறையில் இடுப்புக் கயிறு நல்ல அம்சம் என்று ஒப்புக்கொள்ளவேண்டும். கயிற்றின் மறுமுனையில் ஒரு பெரியவர் முழுக்கவனத்துடன் நின்றார். ஒரு பிள்ளைக்கு ஒரு காவலர் என்னும் அந்த விகிதத்தை இன்றைய நீச்சற்குளங்களிலும் காண்பது அரிது.

பெண் பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர் தயங்கினர். கெடிலத்திலும் மாயனூரிலும் இறந்தவர்கள் யார் என்பதை எடுத்துச் சொன்னோம். காலை ஏழு மணி அணி பெண்களுக்கே என்று ஒதுக்கி, பெண் ஆசிரியரே இறங்குவதென்று முடிவாயிற்று. தாவணியும் துப்பட்டாவும் இன்றி, உடலை ஒட்டிய பருத்திச் சட்டையும் கால்சட்டையும் நெசவாளர் சங்கத்துத் துணியிலேயே தைக்கப்பட்டன. ஆசிரியை வேறு யாருமல்லர், முதல் நாளில் சேலையுடன் குதித்த அம்மையாரே. தாய்வீட்டில் கிணறு இருந்ததாம்.

நீந்தத் தெரிந்தவரும் மூழ்குபவரைத் தழுவப் போகலாகாது. இதை நீச்சலைவிட அழுத்திக் கற்பிக்கின்றோம். மூழ்குபவர் தம்மை அறியாமல் காப்பவரின் தலைமீது ஏறுவார். முதலில் கூவவேண்டும். பிறகு கழியை நீட்டவேண்டும், கயிறோ காலிக் குடமோ வீசவேண்டும். 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் துணி துவைத்துக்கொண்டிருந்த மூன்று பெண்கள், இளைஞர் நால்வர் ஆழத்தில் சிக்கியதைக் கண்டு, தாம் உடுத்திருந்த சேலைகளை அவிழ்த்து முடிந்து வீசினர். இருவரைக் கரைசேர்த்தனர். மற்ற இருவரைக் காக்க இயலவில்லை. அம்மூவருக்கும் அவ்வாண்டு சுதந்திர தினத்தன்று தமிழக அரசு கல்பனா சாவ்லா விருது வழங்கியது. ஆறு கெஜச் சேலை ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் நீளமுடையது, இரண்டை முடிந்தால் சிறிய குளத்தின் ஆழப்பகுதிக்கு எட்டும். இதை நெசவாளர்க்கு எடுத்துரைத்தபோது, எந்த முடிச்சு நனைந்தாலும் நழுவாது என்று அவர்களே எமக்குக் கற்பித்தனர்.

கரைசேர்த்தவரைத் தலைக்குமேல் தூக்கிச் சுழற்றுவதும், வயிற்றை அமுக்கி நீரெடுப்பதும் நம் நாட்டில் இன்னும் நீங்காத வழக்கங்கள். இவற்றால் பயனில்லை, விலைமதிப்பற்ற நிமிடங்களே வீணாகின்றன. மூச்சில்லாதவரை மல்லாத்தி, தலையைச் சற்றே பின்சாய்த்து மோவாயை உயர்த்தி, முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சை ஊதவேண்டும். பின் மார்பின் நடுவில் நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை என்னும் வேகத்தில் முப்பது அழுத்தம், இரண்டு மூச்சு என்று மாறிமாறித் தொடரவேண்டும். இதற்கிடையே ஒருவர் 108-ஐ அழைக்கவேண்டும். கட்டுரையைப் படித்து இதைக் கற்றுவிட முடியாது. அரசு சுகாதார நிலையத்தாரை அழைத்து, அங்கத்தினர் ஒவ்வொருவரும் கைப்படச் செய்து பழகுதல் அவசியம்.

நீச்சலால் தீராத பகுதியும் உண்டு. தவழும் குழந்தைக்கும் தளிர்நடைக் குழந்தைக்கும் பாடம் உதவாது, வேலியே உதவும். கணவனும் மனைவியும் தறியில் இருக்கும் வீட்டில் சாயத் தொட்டியும் வாளியும்கூட அபாயமானவை. வாளியளவு நீரே ஒரு குழந்தைக்குப் போதும். வங்காளதேசத்தில் இதற்காக அம்மாக்கள் வேலையிலிருக்கும் முற்பகல் நேரத்தில் ஊர்க் குழந்தைகளை ஒரே இடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் காப்பகங்கள் நடைபெறுகின்றன. பிளாஸ்டிக் விரித்த பண்ணைக்குட்டை வைத்திருப்போர், நான்கு பக்கமும் முடிச்சிட்ட கயிறு தொங்கவிடவேண்டும். நீந்தத் தெரிந்தவரும் அவ்வழுக்கலில் ஏறமுடியாது. சிக்கராயபுரம் போன்ற கைவிட்ட கல்குழிகள் செங்குத்தானவை, படித்துறை அற்றவை. அவற்றில் பழகுவது அறவே கூடாது. செம்பரம்பாக்கம் சென்னையின் குடிநீர், முழுக் கொள்ளளவில் 24 அடி ஆழம். அதுவும் பயிற்சிக்குரிய இடமன்று. பாக்கு நீரிணையை 1971-இல் இருவழியும் நீந்திக் கடந்த வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1984-இல் ஆங்கிலக் கால்வாயின் குளிரில் உயிர்நீத்தார். அத்தகையவரையே வென்ற நீர், ஞாயிற்றுக்கிழமை மாலையில் மதுவருந்தி இறங்கும் இளைஞரிடம் இரக்கம் காட்டுமா?

தொழிற்சாலை விடுதிகளில் தங்கியிருக்கும் வெளியூர், வெளிமாநில இளைஞர்களும் விடுமுறை நாளில் இவ்வேரிகளுக்கு வருகின்றனர். எந்த இடத்தில் குழி உள்ளது என்று அவர்களுக்கு எவ்வாறு தெரியும்? மண் எடுத்த இடங்களைக் கோடையில் நீர் வற்றியபோதே அளந்து, சிவப்புத் துணி கட்டிய கழிகளை நாட்டும் வேலையை நம் சங்கத்தார் மேற்கொண்டனர். பலகையைத் தமிழிலும் இந்தியிலும் எழுதினர்.

பணத்தைப் பற்றிக் கேட்காமல் ஆய்வாளரின் கட்டுரை முடியாது. 1995-இல் சர்வதேசக் கூட்டுறவு நிறுவனம் ஏற்றுக்கொண்ட ஏழு கொள்கைகளில் சமுதாய நலனில் அக்கறை என்பதும் ஒன்று. ஆயினும் கொள்கையைக் காட்டிச் செலவுச்சீட்டை ஒப்பேற்ற முடியாது. துணைவிதிகளில் பொது நல நிதிக்கு இடமுள்ள சங்கங்கள் முன்கூட்டியே தீர்மானம் நிறைவேற்றி, உரிய ஒப்புதல் பெற்று, ரசீதுகளுடன் செலவிடலாம். இவ்வூரில் முதலாண்டுச் செலவு பெரும்பாலும் மூங்கிலும் கயிறும் ஊதலும் துணியுமே. உழைப்பை அங்கத்தினர் கொடுத்தனர். பெரியவர் சம்பளம் வேண்டாம் என்றார். ஆனால் காலையில் ஒரு தேநீருக்குச் சங்கம் எழுதிவைக்கவேண்டும் என்று கேட்டார், எழுதிவைத்தோம்.

இறந்த சிறுவனுக்குத் தங்கை உண்டு. அவள் தாய் முதல் ஆண்டு முழுவதும் அவளைக் குளத்தின் பக்கமே அனுப்பவில்லை. நாமும் வற்புறுத்தவில்லை. சென்ற தைமாதம் ஒருநாள் காலை ஏழு மணி அணிக்கு அவ்வம்மையாரே மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். ஆசிரியை ஐந்தாவது இடத்தைக் காலியாக வைத்திருந்தார். பாடம் நடந்த அரைமணி நேரமும் தாய் படித்துறையை விட்டு நகரவில்லை. இரண்டு கைகளாலும் அந்த வைக்கோல் வண்டிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.